மலைப்பள்ளிக்கு எந்த ராக்கெட்? காகிதம், தண்ணீர், ஆப்பசோடா, வெடிமருந்து: ஓர் ஒப்பீடு

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். இவற்றில் ஏதாவது ஒன்று நெருங்கிவிட்டால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்து ஆசிரியர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "பிள்ளைகளை வைத்து ராக்கெட் விடலாம் என்றிருக்கிறோம். தண்ணீர் ராக்கெட்டா, காகித ராக்கெட்டா? தீபாவளி ராக்கெட்டையே ஒன்று கொளுத்திக் காட்டினால் போதாதா?" பெற்றோர் கேட்பது வேறு: இணையத்தில் பார்த்த வெளிநாட்டு மாதிரி ராக்கெட் பெட்டியை வாங்கிக் கொடுக்கலாமா?

கிடைக்கிற செய்முறைகள் பெரும்பாலும் சமவெளிக்கு எழுதியவை. "திறந்த மைதானத்துக்குச் செல்லுங்கள்" என்று ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். நீலகிரியில் பள்ளி மைதானம் என்றால் சரிவை வெட்டிச் சமன்செய்த ஒரு படி. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் கம்பிவேலி, வேலிக்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே யாருடைய வீட்டுத் தகரக்கூரையோ. ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் ராக்கெட் விடுபவர், அது எவ்வளவு உயரம் போகும் என்று கேட்பதற்கு முன் எங்கே விழும் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

விழும் இடம். இது பள்ளிக்கூடத்துப் பயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உண்மையான ராக்கெட் தளத்துக்கு இடம் தேடுபவர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பா, திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரைக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் அறிவியலுக்கு ஏற்ற இடம். எரிந்துமுடிந்த பாகம் அரபிக்கடலில் விழும் என்பதால் ஊருக்கும் ஏற்ற இடம். ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே வங்கக்கடல் விரிந்து கிடக்கிறது. ஆனால் அங்கிருந்து துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கிக் கிளம்பும் பி.எஸ்.எல்.வி. நேராகப் போக முடியாது. இலங்கையின் மேல் பறக்கக் கூடாது என்பதற்காக வளைந்து போகிறது. அந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருள், ஏற்றிச்செல்லும் எடையைக் குறைக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே திறந்த கடல்.

"தொட்டபெட்டாவிலிருந்து விட்டால் எரிபொருள் மிச்சமாகாதா?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிற்பதற்கு உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகம் முக்கியம்: நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். மலையுச்சி அந்த வேகத்தில் ஒரு துளியைக்கூடத் தருவதில்லை. கிழக்கு நோக்கி ஏவினாலோ, பூமி தானே சுழலும் வேகமாக நொடிக்கு 450 மீட்டர் அளவுக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் இனாமாகக் கிடைக்கிறது. தொட்டபெட்டாவிலிருந்து கழன்று விழும் முதல் அடுக்கு எந்த ஊரின் மேல் விழும் என்று அந்தப் பிள்ளையையே வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாடம் அங்கேயே நடந்துவிடும்.

எதைக் கற்றுத்தருகிறது. எல்லாமே "நியூட்டனின் மூன்றாம் விதி" என்று கரும்பலகையில் எழுதிவிடலாம். உண்மையில் நான்கும் நான்கு வேறு பாடங்கள். ஒன்று, கண்டிப்பாகச் சொன்னால், ராக்கெட்டே இல்லை.

பிளாஸ்டிக். நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. கொடைக்கானலிலும் கட்டுப்பாடு இருக்கிறது. சமவெளிச் செய்முறை "ஒரு காலி சோடா பாட்டிலை எடுத்துக்கொள்ளவும்" என்று தொடங்கும்போதே நமக்குச் சிக்கல் தொடங்கிவிடுகிறது.

நெருப்பு, சத்தம், சட்டம். ஜனவரி உறைபனியில் கருகிய புல் பிப்ரவரியில் சருகாகி நிற்கும். அறிவியல் நாள் வருவது சரியாக அந்தக் காட்டுத்தீப் பருவத்தில்தான்.

செலவை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. கடையில் கொடுக்கும் பணம் நான்கிலும் பெரிதில்லை. வேலி தாண்டிப் போய்த் தேடுவது, அனுமதி கேட்பது, நனைந்த பிள்ளைகளைச் சமாளிப்பது போன்ற செலவுகள்தான் ஆளை அயர்த்தும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

| | காகித ராக்கெட் | தண்ணீர் ராக்கெட் | ஆப்பசோடா டப்பா | மருந்து ராக்கெட் |
|---|---|---|---|---|
| உந்துவது | மிதியில் வெளிவரும் காற்று | அழுத்தக் காற்று தள்ளும் தண்ணீர் | கரியமில வாயு | எரியும் திட எரிபொருள் |
| உயரம் | மிதியைப் பொறுத்தது; 10 முதல் 20 மீட்டர் | 30 மீட்டருக்கு மேல் | சில மீட்டர் | நம் கையில் இல்லை |
| தேவையான இடம் | சிறிய மைதானம் | எல்லாப் பக்கமும் 60 மீட்டராவது | வராந்தா போதும் | பள்ளிக்கு ஏற்ற இடமே இல்லை |
| பாட்டில் சிக்கல் | ஒன்று போதும் | ஒவ்வொரு ராக்கெட்டும் ஒரு பாட்டில் | சிறு டப்பா | இல்லை |
| மறைமுகச் செலவு | ஈரப்பதம், ஒட்டாத பசை | தேடும் வேலை, நனைதல் | துடைக்கும் வேலை | சட்டம், தீ, காயம் |
| ஏற்ற வயது | 8 முதல் | 13 முதல், பெரியவர் துணையோடு | 5 முதல் | காலி உறை மட்டும், எவருக்கும் |

## காகித ராக்கெட்

அரை அங்குல பி.வி.சி. குழாயின் மேல் ஒரு காகிதத்தைச் சுற்றி ஒட்டி, ஒரு முனையைக் கூம்பால் மூடி, அடியில் மூன்று இறக்கை ஒட்டினால் ராக்கெட் தயார். குழாயின் மறுமுனையில் பாட்டிலைப் பொருத்தி ஓங்கி மிதித்தால் காகிதம் சீறிக்கொண்டு போகும். நசுங்கிய பாட்டிலைக் குழாய்வழியே கையை வைத்து ஊதினால் மறுபடி உப்பிவிடும். ஒரே பாட்டில் ஒரு வகுப்பு முழுவதற்கும் தாங்கும்.

1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராபர்ட் கோடார்ட் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்டார். திரவ ஆக்சிஜனும் பெட்ரோலும். இரண்டரை நொடி பறந்தது. ஏறிய உயரம் சுமார் 12 மீட்டர், போய் விழுந்தது 56 மீட்டர் தள்ளி ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நன்றாக மிதித்தால் காகித ராக்கெட் அந்த உயரத்தைத் தாண்டிவிடும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படியானால் கோடார்டுக்கு ஏன் அவ்வளவு பெருமை என்று அடுத்த கேள்வி வரும். வரவேண்டும்.

ஏனென்றால் காகித ராக்கெட் ராக்கெட் இல்லை. அது பீரங்கிக் குண்டு. குழாயை விட்டு வெளியே வரும்வரைதான் காற்று அதைத் தள்ளுகிறது. வெளியே வந்தபின் எறிந்த கல்லின் கதைதான். தன்னிடம் இருப்பதைப் பின்னால் வீசி முன்னே போவதுதான் ராக்கெட். கோடார்டின் கருவி அந்த இரண்டரை நொடியும் தானே தன்னைத் தள்ளிக்கொண்டது.

இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொன்னால் குறையே நிறைவாகிவிடும், வரலாறும் கூடவே வந்துவிடும். ஹைதர் அலியும் திப்புவும் பீரங்கி இருந்தும் ராக்கெட் படையை ஏன் வைத்திருந்தார்கள்? பீரங்கிக்குக் கனமான குழல் வேண்டும், அதை இழுக்க மாடு வேண்டும், சுடும்போது பின்னுதைப்பைத் தாங்கத் தரை வேண்டும். ராக்கெட்டுக்கு எதுவும் வேண்டாம். ஓர் ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்த்து வைத்துக் கொளுத்தலாம். குறி மட்டும் அவ்வளவாகச் சேராது. சேராவிட்டாலும் குதிரைகள் மிரளும். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனிப்) படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததற்கு மைசூர் ராக்கெட்டைக் காரணம் சொல்வார்கள்.

நம் மலையில் இதன் நன்மை உயரத்தை நாமே கட்டுப்படுத்தலாம் என்பது. காற்று வீசுகிறதா, மெதுவாக மிதியுங்கள். வேலி பக்கமா, குழாயை மண்சுவர் பக்கம் சாய்த்து வையுங்கள். வேலி தாண்டி விழுந்தாலும் போனது ஒரு காகிதம்தான். அதை எடுக்க யாரும் தேயிலைக்குள் இறங்க வேண்டியதில்லை. சத்தமில்லை, நெருப்பில்லை. காட்டோரப் பள்ளிகளில் நான் வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். மசினகுடி, கூடலூர்ப் பக்கம் யானையை விரட்டப் பட்டாசு போடும் ஊர்களில், பள்ளியிலும் 'பட்' என்று ஒரு சத்தம் கிளம்பினால் ஊரே வெளியே வந்து நிற்கும்.

மறைமுகச் செலவு ஈரம். ஆகஸ்ட் மாதத்துக் கூடலூரில் மைதாப் பசை காயவே காயாது; சுற்றிய காகிதம் கொஞ்ச நேரத்திலேயே துவண்டு குழாயில் ஒட்டிக்கொள்ளும். முந்தைய நாளே செய்து, அடுப்படிக்கு மேலே பரணில் வைத்துவிட்டு மறுநாள் கொண்டுவரச் சொல்வது நல்லது. பழைய மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் சாதாரண ஏ4 தாளைவிட நீண்ட நேரம் விறைப்பாக இருக்கும். கூம்பை மட்டும் இரண்டு சுற்று ஒட்டுங்கள். முதலில் பிய்ந்துகொண்டு போவது அதுதான்.

## தண்ணீர் ராக்கெட்

எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

சோடா அடைத்த கனமான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் ரப்பர் கார்க், அதன் நடுவே பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி அல்லது சைக்கிள் வால்வு. தலைகீழாகத் தாங்கியில் நிறுத்திப் பம்ப் அடிக்க வேண்டும். பாட்டிலைப் பிடித்துவைத்திருக்கும் தாழ்ப்பாளை விடுவித்ததும் தண்ணீர் ஒரு நொடிக்குள் கொட்டித் தீர்ந்து, பாட்டில் கண்ணை விட்டுப் போய்விடும்.

இது அசல் ராக்கெட். சுமந்துபோகும் பொருளைப் பின்னால் எறிந்து மேலே போகிறது. "ராக்கெட் பின்னால் இருக்கும் காற்றை உதைத்துத்தான் போகிறது, ஆகவே வெற்றிடத்தில் போகாது" என்ற தவறான எண்ணம் 1920இல் ஒரு பெரிய அமெரிக்க நாளிதழின் தலையங்கத்துக்கே வந்தது; கோடார்டைக் கேலி செய்து எழுதினார்கள். மனிதர்கள் நிலவை நோக்கிக் கிளம்பிய பிறகு, 1969 ஜூலையில்தான் அதே நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. அந்த எண்ணத்தை உடைக்க மைதானத்திலேயே மூன்று முறை ஏவினால் போதும். அழுத்தத்தை மாற்றாமல், முதலில் தண்ணீரே இல்லாமல், பிறகு மூன்றில் ஒரு பங்கோடு, பிறகு முக்கால் பாட்டில் தண்ணீரோடு. வெறும் காற்று சட்டென்று துள்ளிச் சீக்கிரமே அடங்கும். மூன்றில் ஒரு பங்கு மேலே போகும். முக்கால் பாட்டில் தள்ளாடி எழுந்து, பாதித் தண்ணீரோடு திரும்பி விழும். எறிவதற்குக் கனமான பொருள் வேண்டும். அதைச் சுமக்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு சரியான அளவு உண்டு. ரஷ்ய அறிஞர் கான்ஸ்டன்டைன் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. பல அடுக்கு ராக்கெட் ஏன் வந்தது என்பதும் இங்கிருந்து ஓரடி தூரத்தில்.

மலைக்கே உரிய கூடுதல் பாடமும் ஒன்று உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். பம்பின் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே வரும் காற்று குறைவு. மேட்டுப்பாளையத்தில் அடிப்பதைவிடக் கால் பங்கு அதிகமாகவே அடித்தால்தான் பம்பில் அழுத்தம் காட்டும் முள் அதே இடத்துக்கு வரும். விட்ட பிறகு காற்றின் தடை குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாக ஏறும். குடை (பாராசூட்) கட்டியிருந்தால் கொஞ்சம் வேகமாக இறங்கும். மேட்டுப்பாளையத்தில் உறவினர் இருக்கும் பிள்ளை விடுமுறையில் அங்கே ஒருமுறை அடித்து எண்ணிக்கொண்டு வரட்டும்.

இப்போது கெட்ட செய்தி.

பாட்டில். அழுத்தத்தைத் தாங்குவது சோடா, குளிர்பானம் அடைத்த கனமான பாட்டில் மட்டுமே. மெல்லிய தண்ணீர் பாட்டில் தாங்காது. கனமானதைத்தான் நம் மாவட்டத்துக்குள் விற்க முடியாது. இதற்காகப் புதிதாகக் குளிர்பானம் வாங்கி மலையேற்றுவது தடையைக் கேலி செய்வதாகும். பிள்ளைகளுக்கு அது மோசமான பாடம். கல்லாறு, குஞ்சப்பனை போன்ற சோதனைச் சாவடிகளில் பயணிகளிடமிருந்து வாங்கிவைக்கும் பாட்டில்களில் சிலவற்றைப் பள்ளியின் பெயரில் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் தண்ணீர் ராக்கெட்டை அந்த ஆண்டு கைவிடுவதே நேர்மை.

குடை. எல்லாச் செய்முறையும் பாராசூட் கட்டச் சொல்லும். சரிவில் அதுதான் ராக்கெட்டைத் தொலைக்கும். கணக்கு எளிது: 40 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 10 நொடி. காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் அதற்குள் 55 மீட்டர் தள்ளிப்போய்விடும். உங்கள் மைதானம் அதற்குள் முடிந்துவிடும். வேலி தாண்டியதும் தரை கீழே இறங்கிவிடுவதால் 10 நொடி 15 நொடியாகும், 55 மீட்டர் 80 ஆகும். குடைக்குப் பதிலாக மூக்கில் கனமான துணிப்பட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள். இறங்கும் வேகம் ஓரளவு குறையும், தள்ளிப்போகும் தூரமும் கட்டுக்குள் இருக்கும். தலைக்கு மேல் விழாதபடி எல்லோரும் மண்சுவர்ப் பக்கம் நிற்க வேண்டும்.

தேடும் வேலை. தேயிலைச் செடியின் மேல்மட்டம் பார்க்கத்தான் சமமாக இருக்கும். பாட்டில் அதன் ஊடே விழுந்துவிட்டால் ஒரு முழ தூரத்தில் நின்றாலும் தெரியாது. கிளைகள் முழங்காலைக் கிழிக்கும். அங்கே இலை பறித்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். பூச்சிமருந்து அடித்த நாளாகவும் இருக்கலாம். காட்டெருமை படுத்திருப்பது குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் புதுமையே இல்லை, கரடியும் உண்டு. ஆகவே தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தேடப் போவது பெரியவர்களாக இருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் போனது போனதுதான் என்று விட்டுவிட வேண்டும்.

நனைதல். பம்ப் அடிப்பவர் கண்டிப்பாக நனைவார். பிப்ரவரி காலையில் ஊட்டியில் அது விளையாட்டில்லை. மாற்றுத்துணி கொண்டுவரச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில: 40 பவுண்டுக்கு மேல் காற்று வேண்டாம், பஞ்சர் கடையில் இரவல் வாங்கினாவது முள் உள்ள பம்பே வேண்டும், கீறலோ மடிப்பு விழுந்த வெள்ளைத் தழும்போ உள்ள பாட்டிலை எடுக்கக் கூடாது, அழுத்தம் ஏறியபின் பாட்டில் பக்கம் யாரும் குனியக் கூடாது, நீளமான கயிற்றை இழுத்துத்தான் தாழ்ப்பாளை விடுவிக்க வேண்டும்.

நேரம் காலை பத்து மணிக்கு முன். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து சரிவில் காற்று மேலேறத் தொடங்கும். குன்னூரில் பிற்பகலில் மூடுபனியும் சேர்ந்து வந்தால் விட்ட ராக்கெட்டைப் பார்க்கவே முடியாது.

## ஆப்பசோடா டப்பா ராக்கெட்

இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாவில் வினிகர் ஊற்றி, மூடியின் உட்புறம் ஆப்பசோடாவை ஒரு துண்டு காகிதத்தில் பொதிந்து ஒட்டி, மூடிக் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கரியமில வாயு சேர்ந்து மூடியை உதைத்ததும் டப்பா 'டப்' என்று எழும்பும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், கொஞ்சம் சோம்பலாக.

ஒரு காலத்தில் இதற்கென்றே அமைந்த டப்பா ஃபிலிம் ரோல் டப்பாதான். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை ஓடிய ஊரில் ஃபிலிம் டப்பா தேடி அலைவது ஒரு வேடிக்கை. பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்களிடம் இன்னும் சில கிடக்கும். கிடைக்காவிட்டால் உள்பக்கமாக அழுந்தி மூடும் மாத்திரை டப்பா எதுவும் சரி. திருகு மூடியும் கண்ணாடியும் கூடவே கூடாது.

குளிர்ந்த காலையில் வினிகர் மெதுவாகத்தான் பொங்கும். டப்பா அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பிள்ளை குனிந்து எட்டிப்பார்க்கும். அந்த நொடியில்தான் அது கிளம்பும். வினிகரை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் இந்த ஆபத்து குறையும். எட்டிப்பார்க்கக் கூடாது என்பதை அப்போதும் நாலு முறை சொல்ல வேண்டும்.

வராந்தாவிலேயே விடலாம் என்பதால் மழைநாளுக்கு இதைவிட வேறில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு இது போதாது. இரண்டு முறை கைதட்டிவிட்டு அடுத்தது என்ன என்பார்கள்.

## மருந்து ராக்கெட்

தீபாவளி ராக்கெட், சர்க்கரையும் வெடியுப்பும் கலந்து வீட்டில் செய்வது, வெளிநாட்டு மாதிரி ராக்கெட் பெட்டி. மூன்றுக்கும் பள்ளியில் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். ஆனால் ராக்கெட்டின் வரலாறு முழுவதும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது என்பதால் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது.

1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது சீனர்கள் மருந்து அடைத்த தீ ஈட்டிகளைப் பயன்படுத்தினார்கள். மருந்தை அடைத்தது காகிதக் குழலில். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து மைசூரார் செய்த பெரிய மாற்றம் குழலை இரும்பாக்கியது. இரும்புக்குள் மருந்தை இறுக்கி அடைக்கலாம், உள்ளழுத்தம் கூடும், தூரம் கூடும். ஒரு கிலோமீட்டரைத் தாண்டி விழுந்த அவற்றைக் கும்பினிச் சிப்பாய்கள் அதுவரை பார்த்ததில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. திப்புவின் ஆட்சியிலிருந்த நீலகிரி கும்பினியின் கைக்குப் போனதும் அந்த ஆண்டுதான். கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வூல்விச்சுக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து மேம்படுத்திய ராக்கெட்டுகள் 1807இல் கோபன்ஹேகனை எரித்தன. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா கோட்டைப் பக்கம் ஒரு பாழ்கிணற்றைத் தூர்வாரியபோது மைசூர் ராக்கெட் குழல்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன.

போருக்கு மட்டுமில்லை. கரையிலிருந்து உடைந்த கப்பலுக்குக் கயிறு வீச ராக்கெட் பயன்பட்டது. கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் 1935இல் சிக்கிமின் ஆறுகளைத் தாண்டி ராக்கெட்டில் தபாலும் சிறு பொட்டலங்களும் அனுப்பிக் காட்டினார். மழையில் சாலை துண்டிக்கப்படும் மலை ஊர்க்காரர்களுக்கு அந்த ஆசை புரியும். இன்று அதே மழைக்கு ராக்கெட் வேறு வழியில் உதவுகிறது. 2019 ஆகஸ்ட்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டியதே, அப்படிப்பட்ட மேகத்திரளைக் கண்காணிக்கும் இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளை 2024 பிப்ரவரி 17 அன்று ஜி.எஸ்.எல்.வி. ஏற்றிச்சென்றது.

மருந்து ராக்கெட்டுக்கு நீலகிரியில் பக்கத்து உறவே ஒன்று இருக்கிறது. வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே மலைரயில் நிற்கும் அருவங்காடு. அங்கே கார்டைட் ஃபேக்டரி நூறாண்டுக்கு மேலாக உந்துமருந்து செய்துகொண்டிருக்கிறது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினையும் நைட்ரேட் ஏற்றிய பஞ்சையும் பிசைந்து நூல்போல் இழுத்த புகை குறைந்த மருந்து. பெரும்பாலும் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளிலும் கார்டைட்டையே அடைத்தது. உங்கள் வகுப்பில் அந்த ஃபேக்டரியில் வேலை செய்தவரின் பேரனோ பேத்தியோ இருந்தால் தாத்தாவை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். தீப்பெட்டியைக் கூட உள்ளே கொண்டுபோக முடியாத கட்டுப்பாடுகளைப் பற்றி அவர் சொன்னால், வீட்டுச் சமையலறையில் ராக்கெட் மருந்து கலக்கும் ஆசை தானே போய்விடும்.

அந்த ஆசைக்குச் சட்டமும் இடம் தருவதில்லை. உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பது குற்றம். வெளிநாட்டுப் பெட்டியில் அட்டையும் குடையும் வந்துவிடும். உயிரான மோட்டார் வெடிபொருள், தபாலில் வராது. மோட்டார் இல்லாத பெட்டிக்குப் பணம் கொடுப்பது வண்டியில்லாமல் மாட்டுக்கு மட்டும் லாடம் அடிப்பதுதான். அமெரிக்காவில்கூட 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு சிறுவர்கள் வீட்டில் மருந்து கலந்து விரல்களை இழந்ததால்தான் தொழிற்சாலையில் செய்த சிறு மோட்டார்கள் பரவின.

தீபாவளி ராக்கெட்டைக் கொளுத்திக் காட்டினால் என்ன என்பவர்களுக்கு: அது எங்கே விழும் என்று உங்களால் சொல்ல முடியாது, விழும்போது எரிந்துகொண்டிருக்கலாம். காய்ந்த புல்சரிவுக்கு மேலே அது போதுமான காரணம். ஆனால் தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் விழுந்துகிடக்கும் காலி உறையை ஒன்று பொறுக்கிக்கொண்டு வாருங்கள், அதுவும் முழுவதும் ஆறிய பிறகு. நீளவாக்கில் பிளேடால் பிளந்தால், அடியில் களிமண் அடைப்பும் அதன் நடுவே ஒரு சிறு துளையும் தெரியும். வாயு அந்த நெருக்கடியில் வேகமெடுத்துத்தான் வெளியே வருகிறது. ராக்கெட்டின் நாசில், அதாவது வாயு வெளியேறும் குறுகிய வாய், என்பது இதுவே. பக்கத்தில் கட்டிய குச்சியை விரல்மேல் நிறுத்தி எடைமையம் எங்கே வருகிறது என்று பாருங்கள். திப்புவின் மூங்கிலும் காங்கிரீவின் கம்பும் செய்த வேலையைத்தான் அது செய்கிறது: வால் நீண்டிருந்தால் தலை திரும்பாது. 1844இல் வில்லியம் ஹேல் ராக்கெட்டைச் சுழலவைத்துப் பறக்கவிட்டபோதுதான் குச்சி தேவையில்லாமல் போனது. செலவில்லை, நெருப்பில்லை, நாலில் வரலாறு அதிகம் சொல்வதும் இந்தக் காலி உறைதான்.

## யாருக்கு எது

தொடக்கப்பள்ளி, மழைக்காலம், மைதானமே இல்லை என்றால் டப்பா ராக்கெட். பெரும்பாலான நடுநிலைப்பள்ளிகளுக்குக் காகித ராக்கெட், கூடவே மேசைமேல் ஒரு காலி தீபாவளி உறை. காட்டோரப் பள்ளி என்றால் வயது எதுவானாலும் காகிதம் மட்டும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் மாணவர்கள், நான்கு பக்கமும் 60 மீட்டருக்குக் குறையாத சமதரை, ஒரு பக்கத்திலும் சாலையோ கூரையோ இல்லை, பாட்டில் முறையாகக் கிடைத்திருக்கிறது என்றால் தண்ணீர் ராக்கெட்டையே தேர்ந்தெடுங்கள். அதற்கு ஈடு மற்ற மூன்றிலும் இல்லை. சமதரை தேடி வென்லாக் டவுன்ஸ் புல்வெளிக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணுக்கு அகலமாகத்தான் தெரியும். அது வனத்துறை நிலம். அந்த எண்ணம் வேண்டாம். ஊர்ப் பொது மைதானத்தைக் கேட்டுப் பாருங்கள், அல்லது ஹட்டியின் (படகர் ஊரின்) விளையாட்டுத் திடலை ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி ஒரு காலைக்கு வாங்குங்கள்.

நாளைப் பொறுத்தும் மாறும். ஆகஸ்டில் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. தண்ணீர் ராக்கெட்டை மறந்துவிட வேண்டும். அக்டோபரில் குன்னூர், கோத்தகிரியிலும் பழனி மலையிலும் வடகிழக்கு மழை எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். காகிதத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு டப்பாக்களையும் கையில் வைத்திருங்கள். பிப்ரவரி 28தான் மலைக்குச் சிறந்த நாள்: வானம் தெளிவாக இருக்கும், காலையில் காற்று அடங்கியிருக்கும், தண்ணீர் ராக்கெட்டால் புல் நனையுமே தவிர எரியாது. அதற்கு வேண்டிய பாட்டில் கடிதத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.